கண்ட்ரோல் எஃப்5 சார்

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வழியாகச் சிங்கப்பெருமாள்கோவில் போகிற சாலையில் எந்தக் கம்பெனி கேட்டுக்குள் நுழைந்தாலும் சில ஆட்களைத் தவறாமல் பார்க்கலாம். கேன்டீன் கமிட்டியின் நிரந்தர உறுப்பினர் ஒருவர் இருப்பார். முரண்டு பிடிக்கிற மெஷினை ஒரே தட்டில் ஓட வைக்கும் மெயின்டனன்ஸ் அண்ணன் ஒருவர் இருப்பார். மூன்றாமவர் சட்டென்று கண்ணில் படமாட்டார். ஸ்டோர்ஸுக்குப் பின்னால், பிளான்ட்டிலேயே ஏசி ஒழுங்காக வேலை செய்கிற ஒரே அறையில், கத்தரி வெயிலிலும் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். விசிட்டிங் கார்டில் ‘சீனியர் எக்சிக்யூட்டிவ், சிஸ்டம்ஸ்’. லைனில் அவர் பெயர் கண்ட்ரோல் எஃப்5 சார்.

“சார், பேஜ் கோணலா தெரியுது.”

“கண்ட்ரோல் எஃப்5 அடிச்சீங்களா?”

“சார், போன மாசம் ஓவர்டைம் காசு வரலை.”

“கண்ட்ரோல் எஃப்5... இல்ல, அது ஹெச்ஆர்.”

கிண்டல் செய்கிறோமே தவிர, அந்த மந்திரத்தில் விஷயம் உண்டு. பிரவுசர், ஒருமுறை வாங்கிய அலங்காரத்தைத் தன்னிடமே வைத்துக்கொண்டு அடுத்த தடவையும் அதையே மாட்டிவிடும். இரண்டு விசையையும் சேர்த்து அமுக்கினால் பழையதைத் தூக்கிப் போட்டுவிட்டு சர்வரிடம் புதியதைக் கேட்கும். பாதிப் புகார் உண்மையிலேயே இதில் தீர்ந்துவிடும். ஆபத்தும் அதுதான். மீதிப் பாதியும் தீரும் என்று மனுஷர் நம்ப ஆரம்பித்துவிடுவார்.

இவர்களை உற்பத்தி செய்ததே இந்த வட்டாரம்தான். 1998ல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஹூண்டாயின் சான்ட்ரோ வெளியே வந்தது. 2006ல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா. 2010ல் ஒரகடத்தில் ரெனோ-நிஸான், 2012ல் பாரத்பென்ஸ் லாரி, 2013ல் ராயல் என்ஃபீல்டு. ஒவ்வொரு பெரிய பெயருக்கும் பின்னால் போல்ட், பிராக்கெட், பைப் செய்து கொடுக்கும் சின்னக் கம்பெனிகள். ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் ஒரு ஃபார்மட், ஒரு செக் ஷீட். நம் சார் 2014 நவம்பரில் நோக்கியா ஆலை மூடிய கையோடு இங்கே வந்து சேர்ந்தவர். வந்து பார்த்தால், வேலை செய்யும் முறையை எழுதி வைக்கிற எஸ்ஓபி எல்லாம் பதினேழு பேருடைய டெஸ்க்டாப்பில் ‘ஃபைனல்’, ‘ஃபைனல் நியூ’, ‘ஃபைனல் ஒரிஜினல்’ என்று கிடக்கிறது. எல்லாவற்றையும் ஒரே இடத்தில் போட்டு வைக்க மீடியாவிக்கி என்று ஒன்று இருக்கிறது, விக்கிப்பீடியாவே அதில்தான் ஓடுகிறது, காசு கேட்காது என்றார். கடைசி வாக்கியத்தைக் கேட்டதும் பர்ச்சேஸ் மேனேஜர் அப்ரூவல் போட்டார்.

விக்கி வந்தது. யாரும் படிக்கவில்லை. ஆனால் எல்லோருக்கும் அதன் தோற்றத்தைப் பற்றி அபிப்பிராயம் இருந்தது.

இந்த அபிப்பிராயங்கள் எல்லாம் போய்ச் சேருகிற இடம் ‘காமன் சிஎஸ்எஸ்’ என்ற ஒரே ஒரு பக்கம். நிறம், எழுத்தின் அளவு, பெட்டியின் ஓரம் எல்லாவற்றுக்கும் அங்கேதான் விதி எழுதுவார்கள். குவாலிட்டியில் இருந்தவன் என்ற முறையில் எனக்கு அதைப் பார்க்கும் பாக்கியம் ஒருமுறை கிடைத்தது. பிளான்ட்டின் சரித்திரத்தை யாராவது எழுத நினைத்தால் வேறெங்கும் அலைய வேண்டாம். முதல் பிளான்ட் ஹெட்டுக்கு நீலம் பிடிக்கும்; நீலப் பட்டை. அடுத்தவருக்கு வாஸ்து; அந்த நீலத்துக்குக் கீழே, அதை ரத்து செய்யும் மஞ்சள். கொரியா கஸ்டமர் வந்த அன்று காலை அவசரமாகப் போட்ட வரவேற்புப் பலகை, அவர் போன பிறகும் எடுக்கப்படாமல், கண்ணுக்குத் தெரியாதபடி மட்டும் மறைக்கப்பட்டு. ஒவ்வொரு வரியின் முடிவிலும் ‘இம்பார்ட்டன்ட்’ என்று ஆச்சரியக்குறி போட்ட கட்டளை. ஒரு விதி இன்னொரு விதியை அடக்க வேண்டுமானால் இப்படி எழுதுவது வழக்கம். எல்லா விதியுமே இம்பார்ட்டன்ட் ஆகிவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நம் காலை நேர புரொடக்‌ஷன் மீட்டிங்கே உதாரணம். நடுவில் ஒரு குறிப்பு: ‘இந்த வரியைத் தொடாதே. ஏன் என்று தெரியாது. எடுத்தால் மெனு போய்விடும்.’ எழுதியவர் நம் சாரேதான்.

மீடியாவிக்கியின் 2016ல் வந்த 1.27 என்ற பதிப்பு அப்படியே ஓடிக்கொண்டிருந்தது. புதுசு புதுசாகப் பதிப்புகள் வந்தன. அவர் அனுமதி கேட்டுக்கொண்டே இருந்தார். ‘ஓடுற மெஷின்ல ஏன்யா கை வைக்கிற?’ என்பது மேலிடத்தின் பதில். பிறகு ஒருநாள் தலைமை அலுவலகத்துப் பாதுகாப்புத் தணிக்கைக்காரர்கள் வந்து, விக்கியை ஓட்டுகிற இவ்வளவு பழைய பிஹெச்பியை இன்னும் உயிரோடு வைத்திருக்கிறீர்களா என்று கேட்டார்கள். அன்று சாயங்காலமே அனுமதி ஓடி வந்தது.

ஆயுத பூஜை லீவில் வைத்துக்கொண்டார். லேத்துக்கும் ஃபோர்க்லிஃப்டுக்கும் மாலை போட்ட கையோடு சர்வர் ராக்குக்கும் சந்தனம், குங்குமம், ஓர் எலுமிச்சம்பழம். பேக்கப் எடுத்தார். 1.27லிருந்து 1.43க்கு ஒரே தாவலில் போக முடியாது, நடுவில் 1.35ல் ஒரு தடவை ஏற்றி, டேட்டாபேஸைத் திருத்தும் நிரலை ஓட்டி, பிஹெச்பியை 8.1 ஆக்கி, மறுபடியும் ஏற்ற வேண்டும். பிழைச் செய்தி எதுவும் இல்லாமல் எல்லாம் முடிந்தது. சந்தோஷத்தில், பழைய முகத்தைக் கழற்றி ‘வெக்டர் 2022’ என்ற புது ஸ்கினையும் மாட்டிவிட்டு, சுண்டல் பொட்டலத்தோடு ஷிப்ட் பஸ் ஏறினார்.

லீவு முடிந்து வந்த காலை, பஸ்ஸை விட்டு இறங்குவதற்குள் போன்.

எழுத்து ஒன்றுகூடத் தொலையவில்லை. எல்லா எஸ்ஓபியும் டேட்டாபேஸில் பத்திரமாக இருந்தது. போனது உடுப்பு மட்டும்தான். ஆனால் ஒருவர்கூட ‘உள்ளே விஷயம் இருக்கிறதா’ என்று கேட்கவில்லை. இடப்பக்க மெனு எங்கே, லோகோ ஏன் சின்னதாயிற்று, மஞ்சள் எங்கே. பிறந்தநாள் வாழ்த்துப் பெட்டியில் இருந்த பலூன் காணவில்லை என்று ஹெச்ஆரிலிருந்து மெயில். ‘அர்ஜென்ட்’ என்று சிவப்புக் கொடியோடு. குவாலிட்டி மேனேஜர் இன்னும் ஒரு படி மேலே போனார்.

“முகம் மாறிடுச்சுன்னா டாக்குமென்ட் மாறினதா அர்த்தமா? எல்லாத்துக்கும் ரிவிஷன் நம்பர் ஏத்தணுமே. ஐஏடிஎஃப் ஆடிட் வருது, தெரியுமில்ல?”

பிளான்ட் ஹெட்டின் கவலை வேறு. புது ஸ்கின் எழுத்தை நடுவில் நிறுத்தி இரண்டு பக்கமும் வெள்ளையாக விட்டுவிடும். வரி ரொம்ப நீண்டால் கண் அடுத்த வரியைத் தவறவிடும் என்பது வடிவமைத்தவர்களின் நியாயம். ஆங்கில விக்கிப்பீடியாவுக்கு 2023 ஜனவரியில் இதை மாட்டியபோதும் இதே வெள்ளையைப் பார்த்துத்தான் பலர் கொதித்தார்கள். ஆனால் அவர்களில் எவருக்கும் எங்கள் பிளான்ட் ஹெட்டின் கோணம் தோன்றியிருக்காது.

“ரெண்டு சைடும் இவ்வளவு இடம் சும்மா கிடக்குதே, இதான் நீங்க 5எஸ் ஃபாலோ பண்ற லட்சணமா?”

அகலமாக்கும் பொத்தான் அந்தப் பக்கத்திலேயே உண்டு. சார் அதை அமுக்கிக் காட்டினார். ‘இப்ப கரெக்ட்’ என்றார் பிளான்ட் ஹெட், ஷெட்டில் கிடந்த ஸ்கிராப்பை அகற்றிய திருப்தியோடு.

கேன்டீன் பக்கம் தனிக் கதை. மெனுவைச் சின்ன எழுத்தில் போட ‘ஸ்மால்’ என்ற குறியைத் திறந்து, கடைசியில் ஒரு சாய்கோடு சேர்த்து மூட வேண்டும். கேன்டீன் மேற்பார்வையாளர் திறக்கவும் அதையே போட்டிருந்தார், மூடவும் அதையே போட்டிருந்தார். அந்தக் காலத்தில் ‘டைடி’ என்றொரு நிரல் இப்படிப்பட்ட பிழைகளை ஓசைப்படாமல் திருத்திவிடும். 2018ல் விக்கிப்பீடியா அதை வீட்டுக்கு அனுப்பியது. மீடியாவிக்கியும் பிறகு அதை விட்டுவிட்டது. புதிதாக வந்ததற்கு அந்தத் தாட்சண்யம் கிடையாது. ஒவ்வொரு வரியும் முந்தைய வரியைவிடச் சின்னதாயிற்று. சாம்பார் சுமாராகத் தெரிந்தது. ரசத்துக்குக் கண்ணாடி தேவைப்பட்டது. மோருக்கு வந்தபோது திரையில் எறும்பு ஊர்வதாக நினைத்து ஒருவர் துடைத்தார். அளவில் சாப்பாடு குறைவதைக் கம்பெனி நேர்மையாக ஒப்புக்கொண்டது இதுதான் முதல் முறை என்று யூனியன் அண்ணன் சொன்னதாகக் கேள்வி.

இவ்வளவும் சிரிப்பு. மூன்றாவது லைனில் பைப் வளைக்கிற ஸ்டேஷனில் நடந்தது அப்படியில்லை. அங்கே ஒரு திரையில் இரண்டு போட்டோ: ஒழுங்காக வளைந்த பைப், உள்வளைவில் லேசாக நசுங்கிய பைப். பழகிய கண்ணுக்கே இரண்டும் அண்ணன் தம்பி மாதிரிதான் இருக்கும். நல்லதைச் சுற்றிப் பச்சைச் சட்டம், ரிஜெக்டைச் சுற்றிச் சிவப்புச் சட்டம். இரண்டு சட்டமும் போய்விட்டிருந்தன. சேர்ந்து ஒரு வாரம்கூட ஆகாத டிப்ளமோ டிரெய்னி பையன் லைன் லீடரிடம் கேட்டான்: “அண்ணா, இதுல எது நல்ல பீஸு?”

லைனை நிறுத்தினார்கள். சாருக்கு முகம் வெளிறிவிட்டது. கண்ட்ரோல் எஃப்5 அடித்தார்; பழக்க தோஷம். பிறகு எஃப்12ஐத் தட்டி, அம்புக்குறியை அந்தப் போட்டோவின் மேல் வைத்து, பக்கத்தின் எலும்புக்கூட்டை விரித்துப் பார்த்தார். ஸ்வெட்டர் போட்ட மனிதரை நான் மதிக்க ஆரம்பித்தது அந்த அரை மணி நேரத்தில்தான். அவர் எழுதிய விதி: ‘உள்ளடக்கப் பெட்டியின் நேர் பிள்ளையாக உள்ள பெட்டிக்குச் சிவப்பு.’ 1.30ஆம் பதிப்பிலிருந்து மீடியாவிக்கி, எழுத்து முழுவதையும் நடுவில் இன்னொரு பெட்டிக்குள் வைக்கிறது. பிள்ளை, பேரன் ஆகிவிட்டான். பிள்ளை பெயருக்கு எழுதின உயில் பேரனுக்குச் செல்லுமா? விதியில் ‘நேர்’ என்பதைக் குறிக்கும் ஒரே ஒரு குறியை எடுத்தார். பச்சையும் சிவப்பும் வந்து உட்கார்ந்தன.

“சார், கலர் இருக்கட்டும், கீழே ‘ஓகே’, ‘என்ஜி’ன்னு ரெண்டு வார்த்தை எழுதிட்டா என்ன?” என்றார் லைன் லீடர்.

சார் புன்னகைத்தார். “அதெல்லாம் அந்தக் காலம் தம்பி. பார்த்ததும் புரியணும். அதுதான் விஷுவல் மேனேஜ்மென்ட்.”

லைன் நின்றுவிட்டதால் ‘ஒய்-ஒய் அனாலிசிஸ்’ போட்டே ஆக வேண்டும். ஐந்து தடவை ஏன் என்று கேட்டால் ஆணிவேர் கிடைக்கும் என்பது டொயோட்டா உலகத்துக்குச் சொல்லிக்கொடுத்த பாடம். நிறம் ஏன் போச்சு? விதி வேலை செய்யலை. ஏன்? நடுவில் புதுப் பெட்டி. ஏன்? பதிப்பு மாறிச்சு. ஒரே நேரத்துல இவ்வளவு ஏன் மாறிச்சு? ரொம்ப வருஷம் மாத்தாம இருந்தோம். ஏன் மாத்தாம இருந்தோம்? இந்த ஐந்தாவது கேள்வியில் அறையில் இருந்த எல்லோரும் ஒரே சமயத்தில் பிளான்ட் ஹெட்டின் நாற்காலியைப் பார்த்துவிட்டு, ஒரே சமயத்தில் ஜன்னலைப் பார்த்தார்கள். ரிப்போர்ட்டில் ஆணிவேராக ‘பயனாளர்களுக்குப் போதிய பயிற்சி இல்லை’ என்று எழுதி முடித்தோம். அந்த வாரம் மூன்று ஷிப்டுக்கும் கிளாஸ் நடந்தது. பாடம்: கண்ட்ரோல் எஃப்5 அடிப்பது எப்படி. அட்டெண்டன்ஸ் ஷீட்டில் கையெழுத்து கட்டாயம்.

ஆடிட் நாள் வந்தது. மெனு இடப்பக்கம் திரும்பியிருந்தது, மஞ்சள் திரும்பியிருந்தது, பலூனும் திரும்பியிருந்தது. ஆடிட்டர் திரைப்பக்கம் திரும்பவே இல்லை.

“பைப் பெண்டிங் ஸ்டேண்டர்டுக்கு ஒரு பிரின்ட் குடுங்க.”

பிரின்ட் வந்தது. கருப்பு வெள்ளை பிரின்டர். இரண்டு போட்டோவைச் சுற்றியும் ஒரே சாம்பல் நிறச் சட்டம். ஆடிட்டர் கண்ணாடியை மேலே ஏற்றினார், இறக்கினார், காகிதத்தைத் திருப்பிப் பார்த்தார்.

“இதுல எது நல்ல பீஸு?”

சார் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, ஒன்றின் கீழ் ‘ஓகே’, இன்னொன்றின் கீழ் ‘என்ஜி’ என்று கொட்டை எழுத்தில் எழுதி நீட்டினார். ஆடிட்டர் வாங்கிப் பார்த்துத் தலையசைத்துவிட்டு, அன்றைய ஒரே என்சியை, அதாவது விதிமீறல் குறிப்பை, எழுதினார்: கட்டுப்பாட்டில் உள்ள ஆவணத்தில் அங்கீகாரமில்லாத கைத்திருத்தம்.