அயர்லாந்தின் ‘அசல்’ தலைநகரிலிருந்து

கார்க்,
அயர்லாந்து.

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

இங்கே நலம். சித்தியின் முட்டிவலி தேவலையா? “அந்த ஊரில் பார்க்க என்னடா இருக்கிறது?” என்று கேட்டிருந்தீர்கள். நல்லவேளை, இங்கே யாருக்கும் தமிழ் படிக்கத் தெரியாது. அயர்லாந்தின் தலைநகர் டப்ளின் என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தீர்களே, கார்க்கில் அது வெறும் வதந்தி. அசல் தலைநகர் இதுதான். டப்ளின் சர்க்கார் செய்த கோளாறு.

லீ ஆற்றின் இரண்டு கிளைகளுக்கு நடுவே, சதுப்பு நிலத்தில் எழுந்த துறைமுகம் இது. இப்போது கடைவீதியாக இருக்கும் பேட்ரிக் தெரு ஒரு காலத்தில் கப்பல் நின்ற கால்வாய். பதினெட்டாம் நூற்றாண்டில் அதை மூடித் தெருவாக்கினார்கள். ஆறு வளைந்த மாதிரியே தெருவும் வளைகிறது. கீழே ஆறு, மேலே மழை, நடுவில் குடையோடு நான்.

வடகரை மேட்டில் ஷாண்டன் செயின்ட் ஆன் தேவாலயம், 1722இல் கட்டியது. கோபுரத்தின் இரண்டு பக்கம் சிவப்பு மணற்கல், இரண்டு பக்கம் வெளிர் சுண்ணாம்புக்கல். 1847இல் நாலு பக்கமும் கடிகாரம் வைத்தார்கள். நாலும் நாலு நேரம் காட்டி, மணி அடிக்கும்போது மட்டும் ஒத்துப்போகுமாம். ‘நாலு முகப் பொய்யன்’ என்று அதற்குச் செல்லப் பெயர். ஆபீசுக்குத் தாமதமாகப் போகிறவனுக்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது. உச்சியில் காற்றுத்திசை காட்டுவது ஒரு தங்கமுலாம் சால்மன் மீன். மேலே போனால் நாமே கயிறிழுத்து மணி அடிக்கலாம். பாட்டுக்கான எண்களை எழுதியே வைத்திருக்கிறார்கள். அக்கம்பக்கத்தாரின் பொறுமைக்கு ஒரு சிலை வைக்க வேண்டும்.

‘கலகக்கார ஊர்’ என்ற பட்டத்தில் இவர்களுக்கு ஏகப் பெருமை. 1491இல் பெர்க்கின் வார்பெக் என்ற பையன் தன் வியாபாரி முதலாளியின் பட்டுத்துணிகளை உடுத்திக்கொண்டு இங்கே வந்து இறங்கினான். இவ்வளவு பட்டு உடுத்தியவன் இங்கிலாந்து ராஜகுமாரனாகத்தான் இருக்க வேண்டும் என்று ஊர் முடிவுகட்டிவிட்டது. ஆள் பாதி ஆடை பாதி என்பார்களே, இங்கே ஆடையே முழுசும். அவனை ஆதரித்த மேயரையும் அவனையும் 1499இல் லண்டனில் தூக்கில் போட்டார்கள்.

இன்னொரு மேயரைப் பற்றி மட்டும் யாரும் வேடிக்கையாகப் பேசுவதில்லை. டெரன்ஸ் மெக்ஸ்வினி 1920இல் பிரிட்டிஷ் சிறையில் 74 நாள் உண்ணாவிரதம் இருந்து உயிர்விட்டார். அதே ஆண்டு டிசம்பரில் பிரிட்டிஷ் படையினர் நகரின் நடுப்பகுதியைக் கொளுத்தினார்கள். நகர மண்டபமும் நூலகமும் சாம்பலாயின.

சித்தியிடம் சொல்லுங்கள்: 1788இல் தொடங்கிய இங்கிலீஷ் மார்க்கெட்டில் குடலும், ரத்தத்தில் செய்த ‘டிரிஷீன்’ என்ற பண்டமும் பக்கத்தில் பக்கத்தில் விற்கிறார்கள். இரண்டையும் பாலும் வெங்காயமும் சேர்த்து வேகவைக்கிறார்கள். மிளகு, சீரகம் தாராளமாகப் போட்டால் பிழைத்துக்கொள்ளும்.

நீங்கள் கணக்கு வாத்தியார் என்பதால் கடைசிச் செய்தி உங்களுக்கு. இங்குள்ள கல்லூரியின் முதல் கணிதப் பேராசிரியர் ஜார்ஜ் பூல். 1849இல் வேலைக்குச் சேர்ந்தார். கம்ப்யூட்டர் உலகமே அவருடைய இயற்கணிதத்தில் நிற்கிறது, என் சம்பளமும்தான். 1864இல் கொட்டும் மழையில் கல்லூரிக்கு நடந்து போய், ஈரத்துணியோடு பாடம் நடத்தி, காய்ச்சல் கண்டு இறந்தார். அவர் மனைவி மேரி, எவரெஸ்ட் சிகரத்துக்குப் பெயர் தந்த ஜார்ஜ் எவரெஸ்டின் சகோதரர் மகள். அந்த எவரெஸ்ட் பின்னாளில் தலைமையேற்ற, இந்தியாவின் பெரிய நில அளவையை லாம்டன் என்பவர் 1802இல் தொடங்கியது நம் பரங்கிமலையில். பூல் கதையைக் கேட்டதிலிருந்து ஆபீசுக்கு பஸ்ஸில்தான் போகிறேன்.

கோடையில் நீங்களும் சித்தியும் அவசியம் வாருங்கள். கோடை என்றால் மழை கொஞ்சம் வெதுவெதுப்பாக இருக்கும். சென்னையிலிருந்து நேர் விமானம் இல்லை. டப்ளினில் இறங்கி பஸ் பிடித்து வரலாம். ஆனால் அந்த வழியாக வந்ததை இங்கே யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்.

அன்புடன்,
உங்கள் செந்தில்