ஆறாம் வாய்ப்பாடு

இன்லைன் சிக்ஸ் எஞ்சின் வைத்திருப்பவனுக்கு மற்ற வாய்ப்பாடெல்லாம் மறந்தாலும் ஆறாம் வாய்ப்பாடு மறக்காது. பிஸ்டன் என்ன விலை என்று கேட்டுவிட்டு, கடைக்காரர் சொல்லும் தொகையை மனசுக்குள் ஆறால் பெருக்கி, முகம் மாறாமல் நிற்கப் பழக வேண்டும். வால்வு என்றால் அதிலும் இரட்டிப்பு. பக்கத்து வீட்டுக்காரர் கஞ்சில் காடி வைத்திருக்கிறார். அவருக்குக் கவலை மூன்று சிலிண்டரோடு முடிந்துவிடும். மனிதர் எட்டரைக்கே தூங்கிவிடுகிறார்.

என்னுடையது டாட்சன் 240சி. உள்ளே எல்24 எஞ்சின், 2,393 சிசி. இதே எஞ்சின் பூட்டிய 240இசட் 1971-லும் 1973-லும் கிழக்கு ஆப்பிரிக்க சஃபாரி பந்தயத்தில் ஜெயித்தது. 1973-ல் ஓட்டியவர் ஷேகர் மேத்தா, உகாண்டாவில் பிறந்த இந்திய வம்சாவளிக்காரர். இந்த ஒரு தகவலை வைத்துத்தான் வீட்டில் அனுமதி வாங்கினேன். ஆப்பிரிக்கப் புழுதியையும் சேற்றையும் தாண்டிய எஞ்சின், ஈஜோக்கிலிருந்து புக்கிட் ரோத்தானுக்குப் போகாதா?

போகவில்லை. முன்னால் செம்பனைக் குலை ஏற்றிய லோரி. முந்த வழியில்லை, இரண்டாம் கியரில் ஊர்ந்ததில் சூடு ஏறிவிட்டது. பிளாக் இரும்பு, ஹெட் அலுமினியம். ஒரே சூட்டுக்கு இரண்டும் ஒரே அளவு விரியாது. நடுவில் மாட்டிக்கொண்ட கேஸ்கெட் கிழிந்தது, ஹெட்டும் வளைந்தது. லோரியைத் திட்ட மனம் வரவில்லை. ஹென்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர் மலாயாவின் முதல் வணிகச் செம்பனையை இந்தப் பக்கத்துத் தென்னமரம் தோட்டத்தில் நட்டது 1917-ல். டான் சோங் நிறுவனம் இங்கே டாட்சன் விற்க ஆரம்பித்தது 1957-ல். நாற்பது வருடப் பணிமூப்பு உள்ளவர் முன்னால்தான் போவார்.

எனக்கு வாய்த்த போமன், தோட்டத்து டிராக்டர்களையே காலமெல்லாம் பார்த்து ஓய்வுபெற்ற அண்ணன். பானெட்டைத் திறந்து எண்ணிப் பார்த்தார். "மாசி பெர்குசன் 135-க்கு மூணு சிலிண்டர். ரெண்டு டிராக்டரை வரிசையா நிப்பாட்டினா உங்க காடி. பயப்படாதீங்க வாத்தியாரே" என்றார். அதுவரை எனக்குப் பயமில்லை. ஹெட்டை இறக்கி வைத்துவிட்டு அவர் அடுத்துச் சொன்னதில்தான் வந்தது. "கழட்டினது கழட்டியாச்சு. அப்படியே எல்28 போட்டுடுவோமா?"

எல்28 அதே குடும்பத்துப் பெரியண்ணன். துளை 86 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் 79. மொத்தம் 2,753 சிசி. ஹாஃப்-கட் கடையில் ஒரு பிளாக் தேறியது. சிலிண்டர் சுவரில் கோடு விழுந்திருந்ததால் லேத் கடையில் அரை மில்லிமீட்டர் போர் பண்ணி ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டோம். ஹெட்டை ஸ்கிம் பண்ணி, ஈயமில்லாத பெட்ரோலைத் தாங்கும் கெட்டி வால்வு சீட் வைத்து, பாயின்ட்டைத் தூக்கிவிட்டு எலக்ட்ரானிக் இக்னிஷன். எல்லாம் "அப்படியே" வகைதான்.

இரட்டை கார்புரேட்டரில்தான் கூட்டம் கூடியது. இரண்டும் ஒரே அளவு மூச்சு இழுக்கிறதா என்று பார்க்க, ரப்பர் குழாயின் ஒரு முனையைக் கார்புரேட்டர் வாயிலும் மறுமுனையைக் காதிலும் வைத்துக் கேட்க வேண்டும். அண்ணன் பாதிக் காதை டிராக்டருக்குக் கொடுத்துவிட்டவர். அதனால் குழாய் கைமாறியது. வேடிக்கை பார்க்க வந்த கோயில் தலைவர் வாங்கிக் கேட்டு, "முன்னதுதான் அதிகம் இழுக்குது" என்றார். செயலாளர் குழாயைக் கையில் வாங்குமுன்பே "பின்னது" என்றார். பொருளாளர் இரண்டையும் கேட்டுவிட்டு, அடுத்த கூட்டத்தில் சொல்கிறேன் என்றார்.

எஞ்சினுக்குள் இந்தப் பேச்சே கிடையாது. ஒன்றும் ஆறும் சேர்ந்து ஏறும், இரண்டும் ஐந்தும் சேர்ந்து, மூன்றும் நான்கும் சேர்ந்து. ஒரு ஜோடி உதைப்பதை மற்ற இரண்டு ஜோடிகள் வாங்கி அடக்கிவிடும். 1-5-3-6-2-4 என்ற வரிசையில், கிராங்க் 120 டிகிரி சுற்றும்போதெல்லாம் ஒரு வெடி. பதவிச் சண்டை இல்லாத நிர்வாகம். ஆகவே ஆட்டம் இல்லை. உலகம் முழுக்க ஆறு சிலிண்டர்காரர்கள் காசைக் கொட்டுவது இந்த ஒன்றுமே தெரியாத சுகத்துக்குத்தான்.

சாலை வரிக்கு மட்டும் எல்லாம் தெரியும். பழங்காடிச் சலுகை இல்லாத சாதாரணக் கணக்கில், 2,393 சிசிக்கு வருடம் 773 வெள்ளி. 2,753-க்கு 1,512 வெள்ளி 50 சென். 2,500-ஐத் தாண்டினால் தாண்டிய ஒவ்வொரு சிசிக்கும் இரண்டரை வெள்ளி. அரை மில்லிமீட்டர் போர் பண்ணியதில் இன்னும் 32 சிசி சேர்ந்திருக்கிறது. அந்தப் பேச்சை நானும் எடுக்கவில்லை, எஞ்சினும் எடுக்கவில்லை.

எஞ்சின் எண்ணை மாற்றிப் பதிந்து, பரிசோதனையும் முடிந்தபின் சிகிஞ்சான் பக்கம் மீன் சாப்பிடப் புறப்பட்டோம். மனைவி முன்னால், அண்ணன் பின்னால். வாசலில் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கிறது. மனைவி பெல்ட்டைப் போட்டுக்கொண்டு, "இன்னும் ஸ்டார்ட் ஆகலையாங்க?" என்றாள். அந்த வருடத்தில் எனக்குக் கிடைத்த ஒரே பாராட்டு அதுதான். அவள் அதைப் பாராட்டாகச் சொல்லவில்லை என்பது வேறு விஷயம்.

தஞ்சோங் காராங் தாண்டியதும் எங்கள் கடற்கரைச் சாலை வேலையைக் காட்டியது. கீழே மெத்தென்ற களிமண், மேலே தார். மேடும் பள்ளமுமாக அலையடித்தது. ஆட்டமே இல்லாத எஞ்சினை, ஆட்டத்தைத் தவிர வேறெதுவும் இல்லாத சாலைக்குக் கொண்டுவந்து விட்டிருக்கிறேன். மனைவி கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, வயல் பக்கம் பார்த்தபடி ஒன்றும் பேசாமல் வந்தாள்.

அண்ணன் மட்டும் கண்ணை மூடி, மிச்சமிருந்த காதைத் தரைப்பக்கம் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"எஞ்சின் நல்லா அடங்கிடுச்சு வாத்தியாரே. இப்பத்தான் கியர்பாக்ஸ் சத்தம் தெளிவாக் கேக்குது."

மனைவி முதல்முறையாகத் திரும்பினாள். "எவ்வளவு ஆகும்ண்ணே?"

"கழட்டினாத்தான்மா தெரியும்."