கசரோலுக்குள்ள கன்றுக்குட்டி

வா மோனை, இப்பிடி வாங்கில இரு. உந்தப் போனை ஒருக்கால் கீழ வை. இறைச்சி இல்லாத கசரோல் செய்யப்போறியாம், ரெண்டு நாட்டுச் சமையலைக் கலக்கப்போறியாம் எண்டு கேள்விப்பட்டன். அதுக்குப் பேர் பியூஷனாம். வவுனியா ரவுணுக்குப் போய் இத்தாலிச் சீஸ் வேற வாங்கிக்கொண்டு வந்தியாம். அதின்ர விலையைக் கேட்டுக் கதிரையில இருந்த உன்ர அம்மா இன்னும் எழும்பேல்லையாம்.

செய், செய். நான் வேண்டாம் எண்டேல்லை. ஆனால் உலகத்தில முதன்முதல் கலந்து சமைக்கிறவன் நீதான் எண்ட மாதிரி முகத்தை வைச்சிருக்கிறியே, அதுதான் எனக்குச் சிரிப்பு.

மத்தியானம் திண்ட கறியில செத்தல் மிளகாய் இருந்ததெல்லே? அது ஆற்ர ஊர்ச் சாமான்? அமெரிக்கக் கண்டத்துச் சாமான். 1505இல போர்த்துக்கீசர் இலங்கைக் கரையில இறங்கேக்க எங்கட ஆக்களுக்கு உறைப்பெண்டால் மிளகுதான். மரவள்ளி, தக்காளி, உருளைக்கிழங்கு, பப்பாசி, எல்லாமே கப்பலேறி வந்த விருந்தாளியள். வந்தவை திரும்பிப் போகேல்லை, எங்களோடயே இருந்திட்டினம். ஆரும் 'கலப்பில்லாத தமிழ்ச் சாப்பாடு' எண்டு நெஞ்சை நிமித்தினால், மிளகாய் போடாமல் ஒரு சம்பல் இடிச்சுக் குடு. ஆளின்ர முகத்தைப் பார். இத்தாலிக்காரர் மட்டும் என்ன? அவையின்ர சிவப்புச் சோசுக்குத் தக்காளியும் அதே அமெரிக்காவில இருந்துதான் போனது.

கொழும்பில லம்ப்றைஸ் எண்டு ஒண்டு விக்கிறாங்கள், திண்டிருக்கிறியோ? ஒல்லாந்தர் வழிவந்த பறங்கியர் வீட்டுச் சாப்பாடு. இறைச்சி அவிச்ச சாறில சோறு வேகும். அதோட கறி, கத்தரிக்காய் மோஜு எல்லாம் வைச்சு வாழையிலையில பொதி கட்டிப் போறணையில வைக்கிறது. இதைவிட வேற என்ன கசரோல் வேணும் உனக்கு? கிரேக்கரின்ர முசாக்கா எண்ட கசரோலை எடு. மேல வெள்ளைச் சோசு ஊத்திற இப்பத்தையப் பழக்கம் 1920களில செலெமெண்டஸ் எண்ட சமையல்காரர் பிரெஞ்சுக்காரரிட்ட இருந்து எடுத்தது. இப்ப அதுதான் அவையின்ர பரம்பரைச் சாப்பாடாம். என்ன முழிக்கிறாய்? பூவரசங்குளத்தானுக்கும் வாசிக்கத் தெரியும் மோனை.

எங்கட கதைக்கு வா. 1970களில அரிசிக்கும் பாணுக்கும் தட்டுப்பாடு வந்து நாடு முழுக்க மரவள்ளி திண்டது. 2009இல சண்டைக்குத் தப்பி வந்து செட்டிகுளத்து முகாமுகளில இருக்கேக்க நிவாரணக் கோதம்ப மாவும் பருப்பும் தந்தாங்கள். அந்த ரெண்டையும் வைச்சுக்கொண்டு எங்கட பொம்பிளையள் ரொட்டி சுட்டவை, புட்டு அவிச்சவை. ஒருத்தரும் அதுக்குப் பியூஷன் எண்டு பேர் வைக்கேல்லை. படமும் எடுக்கேல்லை.

சரி, அந்தச் சீஸைக் காட்டு பாப்பம். பார்மிசான். அசல் இத்தாலிச் சாமான்தான். அதுக்குப் பாலை எதால உறைய வைக்கிறவை தெரியுமோ? பால்குடிக் கன்றுக்குட்டியின்ர இரைப்பையில இருந்து எடுக்கிற உறையால. அது இல்லாட்டில் அந்தப் பேரையே போடேலாதெண்டு அவையின்ர சட்டம். அப்ப நீ செய்யிற சைவக் கசரோலுக்குள்ள கன்றுக்குட்டி நிக்குது. கைகாலில்லாமல் நிக்குது, அவ்வளவுதான். அங்கால ஒரு கோழிக் கியூப் வேற. அதைக் 'கொஞ்சம்தானே' எண்டு போடுவாய். வூஸ்டர் சோசு ரெண்டு துளி எண்டுவாய். அதுக்குள்ள நெத்தலி. கடைச் சம்பலுக்குள்ள மாசி. இவ்வளவு மச்சத்தையும் உள்ள விட்டுப்போட்டு இறைச்சித் துண்டு ஒண்டைத்தானே விலக்கிறாய்? கெட்டிக்காரன்தான்.

அந்தச் சீஸை வை அங்கால. வன்னியில இருந்துகொண்டு எருமைத் தயிரை விட்டிட்டு உதைத் தேடுறியே! தயிருக்கு உறைமோர் ஒரு கரண்டி காணும். கன்று தாயோட நிக்கும்.

இனிச் சொல்லுறதைக் கேள். ஒரு கிலோ மரவள்ளி. தோலுரிச்சு, நடுத்தும்பை எடுத்துப்போட்டு, மஞ்சளும் உப்பும் போட்டு, பானையை மூடாமல் அவி. அந்தக் கிழங்கில நஞ்சு கொஞ்சம் இருக்கு, ஆவியோட போகோணும். தண்ணியை ஊத்திப்போட்டுச் சூட்டோட மசி. இஞ்சி போடாதை. மரவள்ளிக்கு இஞ்சி ஆகாதெண்டு வீட்டுக்கு வீடு சொல்லுவினம். இஞ்சி இல்லாட்டில் நீ என்ன மெலிஞ்சா போகப்போறாய்?

மைசூர்ப் பருப்பு கால் கிலோ. கெட்டியா, அகப்பை நட்டால் நிக்கிற மாதிரி அவி. கத்தரிக்காய் அரைக் கிலோ. நீட்டாக வெட்டி, உப்புத் தடவி அரை மணித்தியாலம் வை. பேந்து பிழிஞ்சு தாச்சியில பொரி. இந்தப் பிழியிற வேலையில பஞ்சிப்பட்டியோ, முடிஞ்சுது கதை. வெட்டேக்க தட்டில குளம் கட்டும். கசரோல் பழுதாப் போற வீடுகளில பாதி வீடு தண்ணியாலதான் பழுதாப் போறது. வெண்காயம், தக்காளி, கறிவேப்பிலை, வறுத்த கறித்தூள் போட்டு வதக்கிக் கத்தரிக்காயோட சேர். ஒவ்வொண்டையும் வாயில வைச்சுப் பார். தனியத் தின்ன ருசியில்லாததை அடுக்கிப் போறணைக்குள்ள வைச்சால் ருசி எங்கால வரும்? சட்டியில இருந்தால்தானே அகப்பையில வரும்!

தட்டில முதல் பாதிக் கிழங்கு, மேல பருப்பு, அதுக்கு மேல கத்தரிக்காய், பேந்து மிச்சக் கிழங்கு. தயிரை ஒரு மணித்தியாலம் துணியில கட்டித் தூக்கி வடியவிட்டு, அரிசிமா ரெண்டு கரண்டி, மிளகுதூள், உப்புப் போட்டு அடிச்சு மேல பூசு. மா சேராட்டில் தயிர் சூட்டில திரையும். 180 பாகையில நாப்பது நிமிசம், மேல சிவக்குமட்டும். வெளியில எடுத்துக் கால் மணித்தியாலம் ஆறவிடு. உடனே வெட்டினால் கஞ்சி.

போறணை இல்லையோ? 2022இல காஸ் இல்லாமல் ஊரெல்லாம் விறகடுப்புக்குத் திரும்பினதை மறந்திட்டியோ? பாரமான சட்டிக்குள்ள மணல் போட்டு, அதில தட்டை இறக்கி, தகர மூடியால மூடு. கீழயும் தணல், மூடிக்கு மேலயும் சிரட்டைத் தணல். அந்தக் காலத்தில கேக் சுட்டதே இப்பிடித்தான். நேரம் பாத்து வேகாது, நீதான் பக்கத்தில இருந்து பாக்கோணும். போனைப் பாத்தியெண்டால் மேல கருகிப்போகும்.

ஆறு பேருக்குத் தாராளமாக் காணும். சாப்பிட்டிட்டு வயலுக்குப் போனால் பின்னேரம் மட்டும் பசிக்காது. பேர் என்னவும் வை, அது உன்ர பாடு. வெள்ளிக்கிழமை செய், எனக்கும் அண்டைக்குச் சைவம்தான். படம் எடுக்க முதல் ஓரத்துத் துண்டை வெட்டி இஞ்சால அனுப்பு மோனை.