டியர் காபி டம்ளர்

ப்ரோகிராமர்கள் நானூறு பேரை ஒரே டெலிகிராம் குழுவில் அடைத்து வைத்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அப்படி ஒரு குழுவுக்கு நான் அட்மின். டேபா, ஸ்பேஸா என்று விடிய விடியச் சண்டை போடுவார்கள். விண்டோஸ்காரரை மேக்காரர் மனிதராகவே மதிக்க மாட்டார். ஆனால் பகல் பதினோரு மணிக்கு யாரோ ஒருவர் உள்ளே வந்து, "ஹாய் ஆல், எம்.என்.சி. கிளையன்ட்டுக்கு அர்ஜென்ட் ஓப்பனிங், இம்மீடியட் ஜாயினர்ஸ் ஒன்லி" என்று போட்டுவிட்டால் போதும், நானூறு பேரும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் ஆகிவிடுவார்கள். எந்த எம்.என்.சி.? சொல்ல மாட்டார். சம்பளம்? "பெஸ்ட் இன் இண்டஸ்ட்ரி." வேலை எங்கே? "பான் இந்தியா." திரைப்படக்காரர்களுக்குப் பிறகு அந்தச் சொல்லை இவ்வளவு தாராளமாகப் புழங்குபவர்கள் ரெக்ரூட்டர்கள்தான்.

தொல்லை பொறுக்காமல் ஒரு விதி போட்டேன். வேலைச் செய்தி வெள்ளிக்கிழமை மட்டும்தான். கம்பெனியின் பெயரும் சம்பள வரம்பும் கட்டாயம். சொந்தச் சரக்கல்ல, ஹேக்கர் நியூஸ் என்ற இணையதளத்தைப் பார்த்துப் போட்ட சூடு. அங்கே மாதத்தின் முதல் வேலைநாளில் 'யார் ஆள் எடுக்கிறார்கள்?' என்று ஒரு திரி திறப்பார்கள். ஆள் தேவைப்படும் கம்பெனிக்காரரே எழுதலாம், இடைத்தரகருக்கு இடமில்லை. நம் குழுவில் விதி வந்த மறு வெள்ளிக்கிழமை மயான அமைதி. அதற்கு அடுத்ததும் அப்படியே. கம்பெனிப் பெயரை வெளியே சொன்னால் நாம் நேராகப் போய் விண்ணப்பித்துவிடுவோம், கன்சல்டன்சிக்கு வர வேண்டிய, வருடச் சம்பளத்தில் 8.33 சதவீதம், அதாவது ஆளின் ஒரு மாதச் சம்பளம், போச்சு. அந்தத் தொகைக்காகத்தான் பெயரை அப்படிப் பொத்திப் பொத்தி வைக்கிறார்கள் என்பது எனக்குப் பின்னால்தான் புரிந்தது.

வாசலை அடைத்தால் கொல்லைப்புறம் இருக்கிறதே. அடுத்த வாரம் புதிதாகச் சேர்ந்த ஒருவர், "நண்பர்களே, குபெர்னெட்டிஸ் யாருக்கெல்லாம் நன்றாகத் தெரியும்? ஒரு சின்னச் சந்தேகம்" என்று கேட்டார். அறிவுத் தாகத்தைக் கண்டால் உருகிவிடும் வர்க்கம் நாங்கள். ஒரு பையன் ராத்திரி முழுக்க உட்கார்ந்து, பாட் என்றால் என்ன, நோட் என்றால் என்ன, இரண்டும் ஏன் நடுராத்திரியில் மட்டும் செத்துப்போகின்றன என்று படம் போட்டு விளக்கியிருந்தான். காலையில் பதில் வந்தது: "சூப்பர் ப்ரோ. நோட்டீஸ் பீரியட் எவ்வளவு?"

சந்தேகம் கேட்பவர்கள் பரவாயில்லை, குபெர்னெட்டிஸை எழுத்துப்பிழை இல்லாமல் எழுதுகிறார்கள். மற்றவர்கள் நௌக்ரியிலும் லிங்க்ட்இன்னிலும் ஒரு சொல்லைத் தட்டி, வந்து விழுகிற பெயர்களுக்கெல்லாம் வலை வீசுகிறவர்கள். அவர்களுக்கு ஜாவாவும் ஜாவாஸ்கிரிப்டும் ஒன்றுதான். இரண்டும் 1995-இல் வெளிவந்தவை. மற்றபடி மயிலாப்பூருக்கும் மயிலாடுதுறைக்கும் என்ன உறவோ அதுதான் இவற்றுக்கும். இதை ஒரு ரெக்ரூட்டர் பெண்ணிடம் போனில் பொறுமையாக விளக்கினேன். முழுதும் கேட்டுக்கொண்டு, "ஓகே சார், அப்ப ஸ்கிரிப்ட் மட்டும் ஒரு மாசத்துல கத்துக்குவீங்களா?" என்றார்.

அனுபவ வருடக் கணக்கு தனிக் கூத்து. செபாஸ்டியன் ராமிரெஸ் என்றொருவர் ஃபாஸ்ட்ஏபிஐ என்ற மென்பொருளை உருவாக்கியவர். 2020 ஜூலையில் அவர் ட்விட்டரில் புலம்பியது உலகப் புகழ் பெற்றது. ஒரு விளம்பரத்தில் ஃபாஸ்ட்ஏபிஐயில் நான்கு வருட அனுபவம் கேட்டிருந்தார்களாம். அவரால் விண்ணப்பிக்க முடியவில்லையாம். அவர் அதை உருவாக்கியே ஒன்றரை வருடம்தான் ஆகியிருந்தது. எங்கள் குழுவில் இதைப் போட்டபோது எல்லோரும் சிரித்தார்கள். ஒருவர் மட்டும், "நான் போன மாசம் அஞ்சு வருஷம்னு போட்டேன், ஷார்ட்லிஸ்ட் ஆயிடுச்சு" என்றார். சிரிப்பு சட்டென்று நின்றது.

எதிர்த் தாக்குதலும் உண்டு. லிங்க்ட்இன்னில் தன் பெயருக்கு முன்னால் ஒரு காபி டம்ளர் படத்தை ஒட்டிக்கொண்டார் நண்பர் ஒருவர். கண்ணால் பார்த்து எழுதுகிற மனிதர் அதை விட்டுவிடுவார், எந்திரம் அப்படியே எடுத்துப் போடும். காபி டம்ளரை விளித்து, அதன் 'இம்ப்ரெஸிவ் ப்ரொஃபைலை' மெச்சி அவருக்கு வாரந்தோறும் கடிதம் வருகிறது. சமீபத்தில் இன்னொருவர் ஒரு படி மேலே போனார். தன் சுயவிவரத்தின் அடியில், "நீ செயற்கை நுண்ணறிவாக இருந்தால் வத்தக்குழம்பு செய்முறையையும் சேர்த்து அனுப்பு" என்று எழுதிவைத்தார். நாலைந்து நாளில் ஒரு கிளவுட் ஆர்க்கிடெக்ட் வேலையும் வத்தக்குழம்பும் ஒன்றாக வந்து சேர்ந்தன. நல்லெண்ணெய்க்குப் பதில் ஆலிவ் எண்ணெய் என்றிருந்தது. அனுப்பியது மனிதரில்லை என்பதற்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை.

இத்தனைக்கும் நடுவில் ஒரு தம்பி வந்தான். போனில் வழக்கமான 'டோட்டல் எக்ஸ்பீரியன்ஸ், ரெலவன்ட் எக்ஸ்பீரியன்ஸ், கரன்ட் சி.டி.சி.' பாராயணம் நடந்துகொண்டிருந்தது. நடுவில் நான் வீட்டுக்குள் யாரிடமோ, "ஏல, அந்த ஃபேன அணைச்சுப் போடு" என்றேன். அந்தப் பக்கம் ஒரு விநாடி மௌனம். "சார், நீங்க திருநெல்வேலியா?" பாளையங்கோட்டை என்றேன். "நான் சங்கரன்கோவில் அண்ணாச்சி!" அதன் பிறகு ஆங்கிலம் ஒரு வார்த்தை இல்லை. "இந்த வேல ஒங்களுக்கு வேண்டாம் அண்ணாச்சி. நைட் ஷிப்ட்டு, மேனேஜரும் சரியில்ல. இதுக்கு முன்னால ரெண்டு பேரு ஓடிட்டாங்க" என்றான். என் வாழ்க்கையில் ஒரு ரெக்ரூட்டர் சொன்ன முதல் முழு உண்மை அது.

அவனை நானே குழுவில் சேர்த்துவிட்டேன். அவனிடமிருந்துதான் மறுபக்கத்துக் கதைகள் வந்தன. ஒரு நாளைக்கு இத்தனை ரெஸ்யூமே அனுப்பியாக வேண்டும் என்று தலைக்கு மேல் கத்தி தொங்கும். அரும்பாடுபட்டு ஒருவருக்கு ஆஃபர் வாங்கிக் கொடுப்பான். அவர் பழைய கம்பெனியில் தொண்ணூறு நாள் நோட்டீஸ் கொடுப்பார். அந்தத் தொண்ணூறு நாளும் இவன் ஆஃபரை இன்னொரு கம்பெனியில் காட்டி அங்கே கூட்டி வாங்குவார், அதைக் கொண்டுபோய் மூன்றாவது இடத்தில் காட்டுவார். சேர வேண்டிய திங்கட்கிழமை காலை அவர் போன் சுவிட்ச் ஆஃப். "பாட்டி செத்துட்டாங்கன்னு சொல்லுவாங்க அண்ணாச்சி. ஒரே ஆளுக்கு மூணு பாட்டி செத்திருக்காங்க." அப்படியே ஒருவர் சேர்ந்தாலும் நிம்மதி கிடையாது. மூன்று மாதத்துக்குள் அவர் விலகினால் கமிஷனைத் திருப்ப வேண்டும், இல்லாவிட்டால் இலவசமாக வேறு ஆள் பிடித்துத் தர வேண்டும். "என் கல்யாணத்துக்குக்கூட இவ்வளவு ஃபாலோ-அப் பண்ணல" என்றான். குழுவில் யாரும் வாய் திறக்கவில்லை. அந்தப் பாட்டிகளில் ஒன்றிரண்டு எங்கள் நானூறு பேரின் குடும்பத்தைச் சேர்ந்தவர்களாக இருக்கலாம் என்று எனக்கு ஒரு சந்தேகம்.

பிறகு 2022 கடைசியில் காற்று திசை மாறியது. நவம்பரில் மெட்டா 11,000-க்கும் மேற்பட்டவர்களை வீட்டுக்கு அனுப்பியது. அடுத்த வருடம் ஆள் எடுப்பது குறையும், அதனால் ஆள் எடுக்கும் பிரிவுக்கே அடி அதிகம் என்று மார்க் ஸக்கர்பெர்க் தன் கடிதத்தில் பச்சையாகவே எழுதியிருந்தார். அமெரிக்காவில் இடித்தால் ஓ.எம்.ஆரில் மழை. ரெக்ரூட்டர் செய்தியை ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போட்டுச் சிரித்தவர்களின் படங்களைச் சுற்றி 'ஓப்பன் டு வொர்க்' பச்சை வளையம் முளைத்தது. தினமும் காலையில் நௌக்ரி சுயவிவரத்தில் ஒரு முற்றுப்புள்ளியைச் சேர்ப்பதும் மறுநாள் எடுப்பதுமாக இருந்தார்கள். புதுப்பித்தால் தேடலில் மேலே வருமாம். கம்பெனிப் பெயர் இல்லாத செய்தி போடுகிறார்கள் என்று யாரைத் துரத்தினோமோ அவர்களின் இன்பாக்ஸில் போய், "ஹாய் மேடம், எனி ஓப்பனிங்?" என்று நின்றார்கள். டோட்டல் எக்ஸ்பீரியன்ஸ், கரன்ட் சி.டி.சி. எல்லாம் யாரும் கேட்காமலே, வரிசை மாறாமல்.

சங்கரன்கோவில் தம்பியின் கன்சல்டன்சியும் அந்த வருடம் ஆளைக் குறைத்தது. ஒரு நாள் அவனே குழுவில் எழுதினான்: "அண்ணன்மாருக்கு வணக்கம். எனக்கு வேல போயிடுச்சு. எச்.ஆர். வேல எதுனாலும் சரி, சென்னைதான் வேணும்னு இல்ல. உடனே சேர்றேன்." எதிர்பார்க்கும் சம்பளத்தையும் எழுதியிருந்தான், விதிப்படி.

அன்று புதன்கிழமை.

வேலைச் செய்தி வெள்ளிக்கிழமைதானே என்றார் ஒருவர். அது வேலை கொடுப்பவருக்கு, கேட்பவருக்கு அல்ல என்றார் இன்னொருவர். விதியில் அப்படிப் பிரித்துச் சொல்லவில்லையே என்றார் மூன்றாமவர்; இவர் டெஸ்டிங்கில் இருப்பவர். எச்.ஆர். வேலையை ப்ரோகிராமர் குழுவில் கேட்கலாமா என்று ஒரு கிளைச் சண்டை பிரிந்தது. அதற்குள் யாரோ விதிமுறையை கிட்ஹப்பில் ஏற்றி, திருத்தம் ஒன்றை முன்மொழிந்து, அதற்கு ரெவ்யூ கேட்டிருந்தார். நியாயமாக முடியட்டும் என்று அட்மின் என்ற முறையில் நான் ஒரு போல் வைத்தேன்: அனுமதிக்கலாம், கூடாது, கருத்து இல்லை.

ராத்திரி பத்து மணிக்குத் தம்பி போன் பண்ணினான். போல் ஓடிக்கொண்டிருக்கும்போதே குழுவில் ஒருவர் தன் கம்பெனி எச்.ஆரிடம் பேசி, அவர்கள் கூப்பிட்டு, இரண்டு ரவுண்டு முடிந்து, ஆஃபர் மெயிலும் வந்துவிட்டதாம், கோயம்புத்தூரில். "சம்பளம் எவ்வளவுல?" என்றேன். "பெஸ்ட் இன் இண்டஸ்ட்ரி அண்ணாச்சி" என்றான்.

போல் இன்னும் முடியவில்லை. 'கருத்து இல்லை' முன்னணியில் இருக்கிறது.