தேருக்குத் தைக்கும் சட்டை: அளவு தெரிய ஒரு வழிகாட்டி

கனடாவிலிருந்து சித்தி அனுப்பிய பெட்டியில் சொக்லேற்றுக்கும் சவர்க்காரத்துக்கும் அடியில் ஒரு காகித உறை கிடந்தால் கவனமாக இருங்கள். உறையின் மேல் உடம்போடு ஒட்டிய சட்டை போட்டு ஒரு பெண் சிரித்துக்கொண்டு நிற்பாள். உள்ளே மெல்லிய தாளில் ஒரே சட்டைக்கு ஏழெட்டு வெட்டுக்கோடுகள் நெருங்கி ஓடும். அளவு வாரியாகத் தாள் வெட்டி விற்கும் வியாபாரத்தை 1863இல் அமெரிக்காவில் தொடக்கியவர் எபனேசர் பட்டரிக் என்ற தையல்காரர். அதில் எந்தக் கோடு உங்களுடையது என்பதை மட்டும் அவர் சொல்லிவிட்டுப் போகவில்லை.

முதல் வேலை, சித்தியிடம் கேட்பது. "நீ சைஸ் 6 தானே, 6ஐ வெட்டு" என்பார். வெட்டினால் சட்டை அழகாக வரும், பக்கத்து வீட்டுப் பத்து வயதுப் பிள்ளைக்கு. கடைச் சட்டையில் 6 போடுகிறவருக்கு அமெரிக்கத் தையல் தாளில் 12ம் 14ம் வருவது சர்வசாதாரணம். வாங்குகிறவரின் மனம் குளிரக் கடைக்காரர்கள் எண்ணைக் குறைத்துக்கொண்டே வந்தார்கள். தாள் கொம்பனிகளோ 1960களின் பிற்பகுதியில் பிடித்த எண்ணை விடவில்லை. இதற்கிடையில் லண்டன் மச்சாள் உங்களை 10 என்பார், பாரிஸ் பெரியம்மா 38 என்பார், ஜெர்மனி மாமி 36 என்பார். மூவரும் சொல்வது ஒரே உடம்பைத்தான். நாட்டுக்கொரு உறவு வைத்திருக்கும் புங்குடுதீவுக் குடும்பங்களில் ஒரு பிள்ளைக்கு இதைவிடக் கூடவும் எண்கள் இருக்கும்.

ஆகவே எண்ணை மறந்துவிட்டு உறையின் பின்பக்கத்தைப் பாருங்கள். 12 என்றால் நெஞ்சு 34, இடுப்பு 26½, அதற்குக் கீழே 36 அங்குலம் என்று போட்டிருக்கும். அளவெடுக்க அம்மாவைக் கூப்பிடவேண்டாம். பிள்ளை இன்னும் உடம்பு வைக்கும் என்று நாடாவை இரண்டு விரல் தளர்த்தியே பிடிப்பார். நீங்களே எடுக்கவும் வேண்டாம். மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுப்பீர்கள். தையலக்காதான் சரி. "வயித்தை எக்காதை பிள்ளை. தேரண்டு முழுக்க எக்கிக்கொண்டே நிக்கப்போறாய்?" என்று ஊருக்குக் கேட்கச் சொல்லுவார். அந்த வெட்கத்தில் வெளிவரும் அளவுதான் உண்மையான அளவு.

ஒட்டிய சட்டையில் பெரும்பாலானோர் வழுக்கி விழும் இடம் நெஞ்சளவு. அதை இரண்டாக எடுக்கவேண்டும்: கமக்கட்டுக்குக் கீழால் மேல்நெஞ்சைச் சுற்றி ஒன்று, முழுநெஞ்சைச் சுற்றி இன்னொன்று. இரண்டுக்கும் 2 அங்குல வித்தியாசம் என்ற கணக்கில்தான் இந்தத் தாள்கள் பொதுவாக வரையப்படுகின்றன. வித்தியாசம் அதற்கு மேல் போனால் மேல்நெஞ்சைக் கொண்டு சைஸைத் தெரிந்து, முன்பக்கத்தில் மட்டும் துணியைக் கூட்டவேண்டும். முழுநெஞ்சைப் பார்த்துப் பெரிய சைஸை வெட்டினால் நெஞ்சு பொருந்தும். தோள் முழங்கையைத் தேடிக்கொண்டு இறங்கும், கழுத்து வாயைப் பிளக்கும். அப்போது ஊசி குத்தி மறைக்க ஒரு தாவணி வேண்டிவரும். பிறகு எதற்கு அந்தச் சட்டை?

அடுத்தது தளர்வு. ஒட்டிய சட்டை என்றாலும் நெஞ்சில் 2 முதல் 4 அங்குலம்வரை உடம்பைவிடக் கூட இருக்கும். பல தாள்களில் தைத்து முடித்த அளவையும் அச்சிட்டிருப்பார்கள். அதிலிருந்து உங்கள் அளவைக் கழித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். ஆனால் இந்தக் கணக்கைப் போட்டவர்கள் நயினாதீவு நாகபூசணி அம்மனின் ஆனித் திருவிழாவுக்கு வந்தவர்கள் அல்லர். கோயிலின் அமுதசுரபி அன்னதான மண்டபத்தில் சோறும் சாம்பாரும் பாயாசமுமாக இலையை வழித்துவிட்டு எழும்பும் இடுப்பு, காலையில் அளந்த இடுப்பு அல்ல. நயினாதீவுக்கென்று 1 அங்குலம் தனியாகக் கூட்டுங்கள். இடுப்புக்குக் கீழ் அளவை இருந்தபடியும் ஒருமுறை எடுங்கள். படகுத்துறைக்குப் போகும் குறிகட்டுவான் பஸ்ஸில் சீற் கிடைத்தால் உதவும்.

கைக்குழியைப் பெரிதாக வெட்டினால் கையைத் தாராளமாகத் தூக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். நடப்பது நேர்மாறு. கைக்குழி கீழே இறங்க இறங்க, கையைத் தூக்கும்போது முழுச் சட்டையும் சேர்ந்து மேலே கிளம்பும். கமக்கட்டுக்குக் கிட்ட, உயர்ந்த சின்னக் குழிதான் கையை விடும். குறிகட்டுவான் இறங்குதுறையில் படகுக்காரத் தம்பியின் கையைப் பிடிக்கக் கை நீட்டும் அந்த ஒரு கணத்தில், கரையில் நிற்கும் சனம் முழுவதும் உங்கள் கைக்குழியின் தரத்தை அறிந்துகொள்ளும். நெடுந்தீவுக்காரர் இதில் இன்னும் கவனம். ஒரு மணித்தியாலப் பயணத்தில் கம்பியைப் பிடித்த கையை இறக்க முடியாது. படகில் ஏறியதும் தரும் உயிர்காப்பு அங்கி எல்லாத் தையல் பிழையையும் மூடிவிடும் என்பது ஒரு ஆறுதல். நல்ல தையலையும் மூடிவிடும்.

வெட்டும் நாளில் யன்னலைப் பூட்டுங்கள். ஆனியில் சோளகம் வீசும்போது அந்த மெல்லிய தாள் வேலணைவரை போகும். பால்மா ரின், அம்மிக் குழவி, படித்து முடிக்காத பாடப்புத்தகம் எதையாவது தூக்கி வையுங்கள். நல்ல துணியில் கத்தரி வைக்கமுதல் தாத்தாவின் பழைய வேட்டியில் ஒன்று வெட்டி மூட்டிப் பாருங்கள். தாத்தாவிடம் பிறகு சொல்லலாம். உறையில் போட்டபடி ⅝ அங்குலம் மட்டும் மூட்டுக்கு விட்டால் போதாது. பக்கத் தையலில் ஒன்றரை அங்குலம் உள்ளே விடுங்கள். அடுத்த வருடம் பிரிக்கலாம், அதற்கடுத்த வருடம் தங்கச்சிக்குப் பிடிக்கலாம்.

கடைசியாக ஒன்று: தேருக்கு உடுப்பதென்றால் துணியைச் சித்திரைக்குள் கொடுத்துவிடுங்கள். ஆனி பிறந்தால் தையலக்கா போனை எடுக்கமாட்டார்.