நெளிகோடு

தக்காளி இலையில் வெள்ளையாக நெளிந்தோடும் கோட்டைத் தோட்டம் வைத்திருப்பவர்கள் எல்லோரும் பார்த்திருப்பார்கள். கிள்ளி எறியுமுன் அந்த இலையை வெயிலுக்கு நேரே ஒருமுறை பிடித்துப் பார்க்க வேண்டும். இலைத்துளைப்பான் என்னும் சிற்றீயின் புழு, இலையின் மேல்தோலுக்கும் கீழ்த்தோலுக்கும் நடுவே பசுந்திசுவைத் தின்றபடியே போன வழி அது. முட்டை பொரிந்த இடத்தில் கோடு நூலிழை மாதிரி இருக்கும். புழு பருக்கப் பருக்க அகலும். உள்ளே கருப்பாய்த் தெரிவது எச்சம். முடிகிற இடத்தில் பிறை போன்ற கீறல் இருந்தால், புழு கூட்டுப்புழுவாக மாற வெளியேறிவிட்டது என்று கொள்ளலாம். இவ்வளவு தெளிவாகத் தன் வயதைத் தானே எழுதிவைக்கும் உயிர் வேறொன்றை நான் கண்டதில்லை.

இதே சாயலைக் கல்லில் செதுக்கியவர்களும் உண்டு. பதினான்காம் லூயியின் போர் வெற்றிகளுக்காக 1674இல் பாரிஸில் எழுந்த சான் மார்த்தேன் வாயிலின் கட்டுக்கற்களில், புழு அரித்தது போன்ற பள்ளங்கள் நெளிகின்றன. இந்த வேலைப்பாட்டின் பெயர் லத்தீனில் புழுவைக் குறிக்கும் 'வெர்மிஸ்' என்ற சொல்லிலிருந்து வந்தது. நம் சேமியாவின் இத்தாலியப் பெயரான வெர்மிச்செல்லிக்கும் அதுவே வேர். அளவுகோலைக் கீழே வைத்துவிட்டுக் கையை நம்பிச் செய்யும் வேலை இது. ஒரு பள்ளம் நேராகப் போனாலே போலி என்று தெரிந்துவிடும்.

உயிர்களின் தோலில் இத்தகைய வரிகள் எப்படி வரலாம் என்பதை 1952இல் ஆலன் டூரிங் கணக்கால் காட்டினார். ஒன்றோடொன்று வினைபுரியும் இரு வேதிப்பொருள்கள் வெவ்வேறு வேகத்தில் பரவினால் போதும். ஒரே சீரான பரப்பில் புள்ளியும் வரியும் தாமே பிறக்கும். 1995இல் ஜப்பானியர்களான கொண்டோவும் அசாயும் பொமகாந்தஸ் என்னும் கடல்மீனை வளர்த்துப் பார்த்தார்கள். மீன் வளர வளர அதன் வரிகள் நகர்ந்து பிரிந்தன, டூரிங்கின் கணக்குக்கு ஒத்தபடியே.

வாசலில் போடும் நெளிக்கோலத்தை இந்த நெளிகோடுகளின் இனத்தில் சேர்க்க எனக்கு மனம் வரவில்லை. அங்கே புள்ளிகள் வழி சொல்கின்றன. கோடு தன்னையே வெட்டிக்கொண்டு, புறப்பட்ட இடத்தில் வந்து சேர்கிறது. மழை விட்ட காலையில் முற்றத்து ஈரமண்ணில் மண்புழு விட்டுப்போன தடம் அப்படியல்ல. மண்புழு பாம்பைப் போலப் பக்கவாட்டில் உடலை வளைத்து உந்துவதும் இல்லை. முன்பகுதி மெலிந்து நீளும், சிறு முள்மயிர்கள் மண்ணைப் பற்றும், பின்பகுதி தடித்துக் குறுகி வந்து சேரும். தலை வழி தேடித் திரும்பிய இடங்களே தடத்தில் வளைவுகளாகக் கிடக்கின்றன.