பீட்டர் விடு, தம்பி!

கிளாஸ்கோ,
ஸ்காட்லாந்து.

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே மழை. போன கடிதத்திலும் இதையேதான் எழுதினேன் என்று நீ சிரிப்பாய். அது நேராகப் பெய்த மழை, இது சாய்வாகப் பெய்கிற மழை. இரண்டுக்கும் குடை பயன்படாது என்பது மட்டும் பொது. சரி, உன் புலம்பலுக்கு வருகிறேன். முப்பது நாளில் ஆங்கிலம் பேசலாம் என்று அட்டையில் போட்ட புத்தகத்தை இரண்டு தடவை முடித்தாயிற்று, பேப்பர் வாசித்தால் புரிகிறது, படம் பார்த்தாலும் புரிகிறது, வாயைத் திறந்தால் மட்டும் காற்றுதான் வருகிறது என்கிறாய். வெள்ளைக்காரன் ஊரில் இருக்கிற உனக்கு வழி தெரியாதா என்று ஒரு குத்தல் வேறு. தெரிந்ததைச் சொல்கிறேன். உனக்குச் சொற்கள் போதும், இலக்கணமும் ஓரளவு போதும். வெட்கம்தான் அதிகமாக இருக்கிறது, வாய்க்கு வேலைதான் குறைவாக இருக்கிறது. இந்த இரண்டுக்கும் சேர்த்து எனக்குத் தெரிந்த ஒரே மருந்து விளையாட்டு. பேச்சு வர ஒரே வாக்கியத்தை நூறு தடவையாவது சொல்ல வேண்டும். சலிப்பான காரியத்தை நூறு தடவை செய்ய எந்த மனுஷனாலும் முடியாது. பிடித்த காரியம் என்றால் எண்ணிக்கையே நினைவிருக்காது.

‘நிறையக் கேட்டால் தானாகப் பேச்சு வரும் என்கிறார்களே’ என்று கேட்பாய். சும்மா சொன்னதில்லை அது. ஸ்டீபன் கிராஷன் என்ற அமெரிக்க மொழியியலாளர் அப்படித்தான் சொன்னார்: புரிகிற மொழியை நிறையக் கேள், வாசி, பேச்சு பின்னாலேயே வந்துவிடும். இதை உரசிப் பார்க்க நல்ல இடம் கனடா. அங்கே ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகளைப் பிரெஞ்சு வழிப் பள்ளிகளில் சேர்த்து, கணக்கு முதல் வரலாறு வரை பிரெஞ்சிலேயே நடத்தினார்கள். வருடக்கணக்காகக் கேட்ட பிறகு, புரிந்துகொள்வதில் அந்தக் குழந்தைகள் பிரெஞ்சுக் குழந்தைகளுக்குக் கிட்டத்தட்ட ஈடாக இருந்தார்கள். பேசச் சொன்னபோதுதான் வினைச்சொல் ஒரு பக்கமும் பால் வேறுபாடு ஒரு பக்கமுமாக இழுத்தன. மெரில் ஸ்வெய்ன் 1985-இல் இதை எடுத்துக்காட்டி, காது வாங்குவது மட்டும் போதாது, வாய் விற்கவும் வேண்டும் என்று வாதாடினார். கேட்கும்போது பாதி புரிந்தால் மீதியை ஊகித்துக்கொள்ளலாம். பேசும்போது ‘கோ’வா ‘வென்ட்’டா என்று நீயே முடிவெடுத்தாக வேண்டும். ஆகையால் நீ பார்க்கும் படங்களை நிறுத்தாதே. அவற்றைப் பார்த்தாலே பேச்சு வந்துவிடும் என்று மட்டும் நம்பாதே.

அடுத்தது வெட்கம். நம் ஊரில் இரண்டு வாக்கியம் ஆங்கிலத்தில் பேசினால் ‘பீட்டர் விடுகிறான்’ என்பார்கள். தப்பாகப் பேசினாலும் சிரிப்பு, சரியாகப் பேசினால் அதைவிடப் பெரிய சிரிப்பு. இந்த வெட்கம் நாக்கை எப்படிக் கட்டிப்போடுகிறது என்பதை ஒரு வேடிக்கையான ஆராய்ச்சி காட்டியிருக்கிறது. இந்தப் பகுதியை அம்மாவுக்கு வாசித்துக் காட்டாதே. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் அலெக்சாண்டர் கியோரா என்பவரும் கூட்டாளிகளும் அமெரிக்கர்களுக்குக் கொஞ்சம் மது கொடுத்து, தாய்லாந்து மொழியைக் கேட்டு அப்படியே உச்சரிக்கச் சொன்னார்கள். 1972-இல் முடிவு வெளியானது. சிறிதளவு குடித்தவர்களின் உச்சரிப்பு மேம்பட்டது, அளவு கூடியவுடன் கெட்டது. 2017-இல் வெளியான, நெதர்லாந்தின் மாஸ்டிரிக்ட்டில் டச்சு கற்றுக்கொண்டிருந்த ஜெர்மானியரை வைத்து நடந்த ஆய்விலும், யார் குடித்தவர் என்று தெரியாமல் மதிப்பெண் போட்டவர்கள், லேசாகக் குடித்தவர்களின் உச்சரிப்புக்கே கூடுதலாகப் போட்டார்கள். உடனே டாஸ்மாக் பக்கம் திரும்பாதே. ஒரு வாய் மது யாருக்கும் புதுச் சொல் எதையும் கற்றுக்கொடுத்துவிடாது. ‘என்னைப் பார்த்துச் சிரிப்பார்களோ’ என்ற நினைப்பை அது சற்றுத் தளர்த்தியிருக்கும் என்பதுதான் இதற்குச் சொல்லப்படும் விளக்கம். அந்த வேலையைச் செய்ய விளையாட்டு போதும். காசும் மிச்சம், மறுநாள் தலைவலியும் இல்லை.

உனக்கு ஏற்ற விளையாட்டு எது என்று நான் யோசிக்கவே வேண்டியதில்லை. நீதான் கிரிக்கெட் பைத்தியமாயிற்றே. டிவியின் சத்தத்தை அணைத்துவிட்டு வர்ணனையை நீயே செய். இருபது ஓவர் ஆட்டத்தில் ஓர் அணி மட்டையடித்தால் 120 பந்து. பந்துக்கு இரண்டு வாக்கியம் என்றாலும் 240 வாக்கியம், அதுவும் உன் வாயாலேயே. சொற்களுக்கு அகராதி தேட வேண்டாம். விக்கெட், பவுண்டரி, கேட்ச், ஸ்லிப் எல்லாம் நம் ஊர் நாங்குநேரித் தெருவில் டென்னிஸ் பந்து ஆடும் பையன்களிடமே இருக்கின்றன. ஒரே ஒரு பந்தை எடுத்துக்கொள். ஓடி வருகிறார்: ‘ஹி ரன்ஸ் இன்.’ தூக்கி அடிக்கிறார்: ‘ஹி புல்ஸ் இட், அப் இன் தி ஏர்.’ கைக்கு வந்ததைக் கோட்டைவிட்டார்: ‘ஓ, ஹி ஹேஸ் டிராப்ட் இட்!’ அடுத்த பந்துக்கு முன்னால் கேப்டன் ஆளை மாற்றுகிறார்: ‘தி கேப்டன் இஸ் மூவிங் தி ஃபீல்டர்.’ கண்முன்னே சட்டென்று நடப்பதற்கு ஒரு காலம், இப்போதுதான் நடந்து முடிந்ததற்கு ஒரு காலம், நடந்துகொண்டே இருப்பதற்கு ஒரு காலம். இலக்கணப் புத்தகம் மூன்று அத்தியாயத்தில் சொல்வதை ஒரு பந்து சொல்லிவிடுகிறது. வர்ணனையாளன் என்ற வேஷம் இருப்பதால் உன்னைப் பீட்டர் என்று யாரும் சொல்லவும் முடியாது. வேண்டுமானால் பைத்தியம் என்பார்கள். அந்தப் பெயர் உனக்கு ஏற்கெனவே இருக்கிறது.

ஆட்டம் முடிந்த பிறகு இன்னொன்று. நியூசிலாந்தின் பால் நேஷன் என்ற மொழிக்கல்விப் பேராசிரியர் ஆராய்ந்து பரவலாக்கிய பயிற்சி இது. ஒரே விஷயத்தை முதலில் ஒருவரிடம் நான்கு நிமிடம் சொல்ல வேண்டும். அதையே இன்னொருவரிடம் மூன்று நிமிடத்தில், பிறகு மூன்றாம் ஆளிடம் இரண்டு நிமிடத்தில். புதிதாக எதையும் யோசிக்க வேண்டாததால் மூளை முழுவதும் வாயின் பக்கம் வந்துவிடுகிறது. தயக்கம் குறைகிறது, வேகம் கூடுகிறது. மூன்று பேருக்கு எங்கே போவது என்று கேட்காதே. ஆட்டத்தின் கடைசி ஓவரை மூன்று தடவை போனில் பதிவு செய், அது போதும். ஊரில் இதுபோலத் திண்டாடும் நண்பன் ஒருவன் நிச்சயம் இருப்பான். அவனுக்குக் கிரிக்கெட் பிடிக்காது என்றால் அவனையே கேட்கவை. தெரியாதவனுக்குப் புரியவைப்பதுதான் பெரிய பயிற்சி.

பேச்சின் ஓட்டத்துக்கு நான் சிபாரிசு செய்வது உனக்கு வினோதமாக இருக்கும். பிபிசியின் ரேடியோ 4-இல் கப்பல்களுக்கான வானிலை அறிக்கை வாசிப்பார்கள். நாங்குநேரிக்கு அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. ஆனால் பிரிட்டனைச் சுற்றியுள்ள 31 கடற்பகுதிகளை ‘வைக்கிங்’கில் தொடங்கி எப்போதும் ஒரே வரிசையில், ஒரே நிதானத்தில், காற்று, மழை, கண்ணுக்கு எட்டும் தூரம் என்று அதே ஒரு சில சொற்களால் வாசித்துக்கொண்டு போவார்கள். வாசிப்பவரின் குரல் போகும்போதே அரை நொடி பின்னால் உன் குரலும் ஓடட்டும். வந்த சொல்லே திரும்பத் திரும்ப வருவதால் இரண்டாம் நாளே தொற்றிக்கொள்ளலாம். அதன் நிதானம் கைவந்த பிறகு சாதாரணப் பேச்சுக்குத் தாவு. 1943-இலிருந்து ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும் பிபிசியின் பிரிவு ஒன்று உண்டு, அதன் ஆறு நிமிட நிகழ்ச்சிகள் இணையத்தில் இலவசம். கேட்கும்போது ஒன்றைக் கவனி. தமிழில் நாம் ஒவ்வொரு அசைக்கும் அதற்குரிய மரியாதையைக் கொடுத்துவிடுகிறோம். ஆங்கிலத்தில் சில அசைகள் நிமிர்ந்து நிற்கும், மற்றவை குனிந்து ஓடும். ‘ஐ வாஸ் கோயிங் டு த ஷாப் ஃபார் அ லோஃப் ஆஃப் ப்ரெட்’ என்பதில் கோயிங், ஷாப், லோஃப், ப்ரெட் நான்கும்தான் நிற்கும். மற்றவை இருக்கும் இடமே தெரியாது. கூடவே நம் வீட்டு உகரத்தையும் கழற்றிவிடு. பஸ்ஸு, காரு, புக்கு என்று வாலோடு போகிற சொற்களை வால் இல்லாமல் முடித்துப் பழகு. பாதிப் பிரச்சினை அதிலேயே தீரும்.

உரையாடல் என்றாலே நீளமாகப் பேச வேண்டும் என்று பயப்படுகிறாய். வில்லுப்பாட்டில் புலவர் கதை சொல்ல, பக்கத்தில் இருப்பவர் ‘ஆமா’ போட்டுக்கொண்டே இருப்பாரே, அவர் இல்லாமல் கச்சேரி நடக்குமா? ஆங்கிலத்திலும் முதலில் அந்த வேலையை எடுத்துக்கொள். ‘ரியலி?’, ‘ஐ நோ’, ‘தட்ஸ் ட்ரூ’, ‘வாட் ஹாப்பென்ட் தென்?’ இந்த நான்கை இடம் பார்த்துப் போட்டால் எதிராளி அரை மணி நேரம் பேசுவார், உன்னை நல்ல பேச்சாளன் என்றும் சொல்வார். இந்தத் தீவில் இதற்கான பள்ளிக்கூடம் வானிலைதான். ஆங்கிலேயரின் பழக்கவழக்கங்களை ஆராய்ந்து 2004-இல் புத்தகம் எழுதிய கேட் ஃபாக்ஸ் என்ற மானிடவியலாளர், அவர்கள் வானிலை பேசுவது தகவலுக்காக இல்லை, பேச்சைத் தொடங்குவதற்கான சடங்கு அது, அதில் மறுத்துப் பேசுவது நாகரிகக் குறைவு என்கிறார். ‘கோல்ட், இஸின்ட் இட்?’ என்றால் ‘யெஸ், இஸின்ட் இட்?’ என்பதே முழுப் பதில். ஸ்காட்லாந்தில் இதற்கு ஒரு கொண்டாட்டமும் உண்டு. வெயில் தலைகாட்டினால் ஆண்கள் சட்டையைக் கழற்றிவிடுவார்கள், அதற்கு ‘டாப்ஸ் ஆஃப்’ என்று பெயர். அந்த வெயிலில் நம் ஊரில் போர்வை தேடுவோம்.

இனி உன் தமிழாசிரியர் கேட்கக்கூடிய கேள்வி: திருத்த ஆள் இல்லாமல் பேசிக்கொண்டே போனால் தப்பு தப்பாகவே படிந்துவிடாதா? நியாயமான பயம். லாரி செலிங்கர் என்ற மொழியியலாளர் 1972-இலேயே, கற்பவரின் சில பிழைகள் கல்லாய் உறைந்துபோவதுண்டு என்று எழுதினார். இதற்கு வாயைப் பூட்டுவது பதில் ஆகாது. பேசாதவனின் பிழை கண்ணுக்கே தெரியாது, அதைத் திருத்துவது எப்படி? அதனால்தான் பதிவு செய்யச் சொன்னேன். வாரத்துக்கு ஒரு பிழையை மட்டும் பிடி. இந்த வாரம் ‘ஹி’க்குப் பிறகு வரும் ‘எஸ்’ஸை விழுங்குகிறாயா என்று பார், மற்றவற்றை மன்னித்துவிடு. போனில் குரலால் தட்டச்சும் வசதி இருக்கிறதே, அதில் பேசிப் பார். நீ சொன்னதை அது வேறு என்னமோவாக எழுதும்போது எந்த ஒலி வழுக்குகிறது என்று தெரியும், சிரிப்பும் வரும்.

ஆனால் அந்த இயந்திரத்தை நீதிபதியாக்காதே. இங்கே பிபிசி ஸ்காட்லாந்தில் 2010-இல் வந்த ‘பர்னிஸ்டன்’ என்ற நகைச்சுவைத் தொடரில் ஒரு காட்சி உண்டு. குரலுக்குக் கீழ்ப்படியும் லிஃப்டில் இரண்டு ஸ்காட்லாந்துக்காரர்கள் ‘இலெவன்’, ‘இலெவன்’ என்று கத்துவார்கள். லிஃப்டுக்குப் புரியவே புரியாது. ஆங்கிலத்திலேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கே அந்தக் கதி என்றால், ‘என் உச்சரிப்பு தமிழ் வாடையடிக்கிறதே’ என்று நீ குமைவதில் என்ன அர்த்தம்? அந்த வாடையில் பாதி இங்கே நல்ல சரக்கு. தென் இங்கிலாந்துக்காரர்கள் ‘கார்’ என்பதில் ‘ர்’ரை விழுங்கிவிடுவார்கள், ஸ்காட்லாந்துக்காரர்கள் நம்மைப் போல் விடாமல் உச்சரிப்பார்கள். லண்டன் பக்கம் இழுத்து வளைக்கும் ‘கேக்’, ‘கோட்’ உயிர்களை இவர்கள் நம் ஏகார ஓகாரம் போலவே நேராகச் சொல்வார்கள். எதிராளிக்கு விளங்க வேண்டும் என்பதுதான் அளவுகோல். ‘வி’யும் ‘டபிள்யூ’வும் குழம்பாமல், பேச்சின் நிமிர்வும் குனிவும் இடத்தில் விழுந்தால் விளங்கிவிடும். வெள்ளைக்காரனாக மாறிக் காட்ட வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை.

விளையாட்டெல்லாம் சரி, நேர்காணலில் கிரிக்கெட்டா கேட்கப் போகிறார்கள் என்பது உன் கடைசி அஸ்திரமாக இருக்கும். கேட்கமாட்டார்கள். ‘உன்னைப் பற்றிச் சொல்’ என்பார்கள். நான்கு நிமிடக் கதையை இரண்டு நிமிடத்தில் தடங்கலில்லாமல் சொல்லத் தெரிந்தவனுக்கு அது அடுத்த ஓவர்தான். நேர்காணலுக்கென்று மனப்பாடம் செய்த பத்தி, நடுவில் ஒரு கேள்வி வந்தால் அறுந்துவிடும். வர்ணனை பழகியவன் அறுந்த இடத்திலிருந்து பிடித்துக்கொள்வான், அவன் தொழிலே அடுத்த பந்து என்னவென்று தெரியாமல் பேசுவதுதானே. புத்தகத்தை மூன்றாம் தடவை வாசிக்க வேண்டாம். அதைப் பக்கத்து வீட்டுப் பையனுக்குக் கொடுத்துவிட்டு, வருகிற ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் கடைசி ஐந்து ஓவரை வர்ணித்து வாட்ஸ்அப்பில் அனுப்பு. அப்பாவைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள். ‘என்னடா உளறுகிறாய்’ என்று அவர் கேட்டால் அதையும் பதிவில் விட்டுவை, ரசிகர் கூட்டம் இல்லாத வர்ணனை நன்றாக இருக்காது. அம்மாவிடம் கம்பளிக் குல்லாய் போட்டுக்கொண்டுதான் வெளியே போகிறேன் என்று சொல். வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

இப்படிக்கு,
அன்புள்ள அக்கா.